ஆட்டு உறுப்புகளை வைத்துப் பாலூட்டி உடலமைப்பைப் படிப்பது எப்படி? பெங்களூர்த் தமிழ் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பியூசியில், அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில், உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் இதயத்தின் படத்தைக் கொடுத்தால் எல்லாப் பெயரையும் தட்டாமல் எழுதிவிடுகிறார்கள். இடது கீழறையின் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன் என்று கேட்டால் முழிக்கிறார்கள். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு என்பதால் வீட்டில் மிரட்டலுக்கும் குறைவில்லை. அல்சூர் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் நான். உடலைப் பட்டியலாகப் படிப்பதில்தான் கோளாறு என்பது என் கட்சி. காற்று எந்த வழியாகப் போகிறது, சோறு எங்கே போய்ச் சேர்கிறது, ரத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்று வழியைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர்கள் பின்னாலேயே வந்துவிடும். அதற்குக் கண்ணால் பார்த்துக் கையால் தொட ஓர் உடல் வேண்டும். அது கசாப்புக் கடையில் கிடைக்கிறது.

ஆடும் பாலூட்டி, நாமும் பாலூட்டி. உலகில் 6,000-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் இருக்கின்றன. சுண்டெலி முதல் நீலத்திமிங்கலம் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே: உடலில் மயிர், குட்டிக்குப் பால், நான்கு அறை இதயம், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம், நடுச்செவியில் மூன்று குட்டி எலும்புகள், உட்கரு இல்லாத சிவப்பணு. கழுத்தெலும்புகூட ஏழுதான். மனிதனுக்கும் ஏழு, ஆட்டுக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழு. ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவுதான். மரத்தில் தொங்கும் ஸ்லாத்தும், மானட்டீ என்ற கடற்பசு வகையும் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காதவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் குரங்கு, பன்றி, மாடு என்று விலங்குகளை அறுத்துப் பார்த்துவிட்டு, அதையே மனித உடல் என்று எழுதி வைத்தார். ஆடு மாடுகளின் மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கும்; மனிதனுக்கு அப்படி இல்லை. கேலன் மனிதனுக்கும் உண்டு என்றார். ஆயிரம் வருடத்துக்கு மேல் அதை நம்பினார்கள். 1543-இல் வெசாலியஸ் மனித உடல்களை அறுத்துப் பார்த்து கேலனுடைய பிழைகளை வரிசையாகச் சுட்டிக்காட்டினார். அதனால் ஒவ்வொரு உறுப்பிலும் ஆடும் மனிதனும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று இரண்டு பத்தியாக நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

என்ன வாங்குவது, எப்படிக் கேட்பது

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியும் ஜான்சன் மார்க்கெட் பக்கமும் தமிழ் புரியாத கறிக்கடைக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஈரல் என்றாலும் புரியும், கலேஜி என்றாலும் புரியும். சிறுநீரகத்துக்குக் குண்டிக்காய் அல்லது குர்தா, மூளைக்கு பேஜா, மண்ணீரலுக்குச் சுவரொட்டி, இரைப்பைக்கும் குடலுக்கும் போட்டி, காலுக்கு பாயா. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டத்தில் உங்கள் வேண்டுகோளை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். வார நாளில் விடிகாலையில் போய், "பாய், பையன் படிப்புக்கு வேணும்" என்று சொன்னால் போதும். மறு கேள்வி இருக்காது. சில சமயம் அவரே விளக்கமும் சொல்வார், அது பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

கேட்க வேண்டியது முக்கியமாக ஒன்று: மூச்சுக்குழல், நுரையீரல், இதயம் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியபடி, எதையும் கீறாமல் வேண்டும். வழக்கமாக இதயத்தைப் பிளந்து ரத்தத்தைக் கழுவிவிட்டுத்தான் தருவார்கள். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிளந்த இதயம்தான் கிடைக்கும். அதோடு குண்டிக்காய் ஒரு ஜோடி, கொழுப்பை நீக்காமல், போட்டியில் இரைப்பையின் நான்கு அறையிலிருந்தும் ஒரு துண்டு, குளம்போடு ஒரு கால், பிளந்த தலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்க வேண்டாம். ஒரு வாரம் இதயமும் நுரையீரலும், அடுத்த வாரம் வயிறு என்று பிரித்துக்கொள்ளலாம்.

வீட்டில் வேண்டியவை: கையுறை, கூரான சின்னக் கத்தி, கத்தரிக்கோல், பழைய தட்டு, தண்ணீர், சைக்கிள் பம்ப். ஆய்வகங்களில் உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். பச்சை இறைச்சியிலிருந்து தொற்றக்கூடிய சில கிருமிகள் கருவைப் பாதிக்கும். ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிரம்பிய வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அதைக் குத்தாதீர்கள். அது நாடாப்புழுவின் இளம்பருவம் தங்கியிருக்கும் கட்டியாக இருக்கலாம். அதைத் தெருநாய்க்குப் போட்டால் நாயின் குடலில் புழு வளரும், அதன் மலம் வழியாக மனிதனுக்கு வரும். பையில் போட்டு இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சைவ வீடுகளில் இது ஆகாது என்றால் விட்டுவிடலாம். முடிந்த படிகளில் உங்கள் சொந்த உடலில் பார்க்கக்கூடியதையும் சொல்கிறேன்.

முதல் படி: காற்றின் வழி

மூச்சுக்குழலை முதலில் தடவிப் பாருங்கள். முன்பக்கம் கெட்டியான வளையங்கள் தட்டுப்படும். விரலைப் பின்பக்கம் கொண்டுபோனால் வளையம் முழுவட்டம் இல்லை, பின்னால் திறந்திருக்கிறது என்று தெரியும். அந்தத் திறப்பின் பின்னால்தான் உணவுக்குழல் ஓடுகிறது. பெரிய கவளம் இறங்கும்போது அதற்கு இடம் கொடுக்க வேண்டுமல்லவா? முன்பக்கம் கெட்டியாக இருப்பது மூச்சு இழுக்கும்போது குழாய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. உங்கள் தொண்டைக் குழிக்கு மேலே விரலால் மெதுவாகத் தொட்டால் இதே வளையங்கள் அகப்படும்.

அப்புறம் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வாருங்கள். ஆட்டில் அந்தப் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வலது பக்கம் ஒரு கிளை தனியாகக் கிளம்பி நுரையீரலின் மேல்மடலுக்குப் போகும். இது நமக்கு இல்லை. நோட்டில் "ஆடும் மனிதனும் பிரியும் இடம்" பத்தியில் எழுதுங்கள். மனிதனுக்கு வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. இரு பக்கமும் சமமாக இல்லாததற்குக் காரணம் இதயம் இடப்பக்கம் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான்.

இப்போது பம்ப். நுரையீரலைப் பெரிய கண்ணாடிப் பைக்குள் வைத்து, பம்பின் குழாயை மூச்சுக்குழலுக்குள் செருகி நூலால் இறுகக் கட்டி, மெதுவாக அடியுங்கள். வாயால் ஊத வேண்டாம். சுருங்கிக் கருஞ்சிவப்பாகக் கிடந்தது கண்ணெதிரே இளஞ்சிவப்பாக விரிந்து இரண்டு மூன்று மடங்கு பெருக்கும். பம்பை நிறுத்தினால் தானாகவே சுருங்கிவிடும். இதில்தான் பாடத்தின் பாதி இருக்கிறது. நுரையீரலுக்குச் சுருங்கத் தெரியும், தானாக விரியத் தெரியாது. அதை விரிக்கும் தசை அதனுள் கிடையாது. உதரவிதானம் கீழே தட்டையாக இறங்கி, விலா எலும்புகள் மேலும் வெளியேயும் நகரும்போது மார்புக்கூட்டின் கொள்ளளவு கூடுகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தானாக உள்ளே பாய்கிறது. நாம் காற்றை இழுப்பதாகத்தான் பேசுகிறோம். உண்மையில் இடத்தைத் திறந்துவிடுகிறோம். விலாவின் அடிப்பகுதியில் இரண்டு கையையும் வைத்து ஆழமாக மூச்சு விட்டுப் பாருங்கள். விக்கல் என்பது இதே உதரவிதானம் திடீரென்று இழுத்துக்கொள்வது.

ஒரு துண்டு நுரையீரலை வெட்டித் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். ஈரல் துண்டு மூழ்கும். அந்தத் துண்டுக்குள் இன்னும் காற்று இருக்கிறது. மனித நுரையீரல்களில் ஏறத்தாழ 30 கோடி காற்று நுண்ணறைகள். பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் வரும், ஒரு 2 பிஎச்கே ஃபிளாட்டின் தரை அளவு. உள்ளே போகும் காற்றில் ஆக்ஸிஜன் 21 விழுக்காடு, வெளியே வரும்போது சுமார் 16. ஆக, இழுத்ததில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல்தான் திருப்பி அனுப்புகிறோம். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து ஒருவரைக் காப்பாற்ற முடிவதும் இதனால்தான்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆனாலும் சென்ட்ரலில் ரயிலேறி இங்கே வந்து இறங்குகிறவர் யாரும் மூச்சுத் திணறுவதில்லை. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிக்கும் விதம் அப்படி: அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் அது கிட்டத்தட்ட முழுதாக நிரம்பிவிடும். லே, லடாக் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் படி: இதயம்

இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். மற்ற உறுப்புகளில் அவசரப்பட்டாலும் பரவாயில்லை, இங்கே வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் கையில் வைத்து அமுக்குங்கள். ஒரு பக்கம் தளதளவென்று அமுங்கும், இன்னொரு பக்கம் கெட்டியாக எதிர்க்கும். கெட்டியான பக்கம் இடது. படத்தில் இடது வலது மாறிப்போய்க் குழம்பும் பிள்ளைகளுக்கு இதுதான் மருந்து: கையில் எடுத்து அமுக்கினால் குழப்பமே வராது. மேலே கொழுப்பின் நடுவே சாய்வாக ஒரு பள்ளம் ஓடும், அதில் ரத்தக்குழாய்கள் தெரியும். உள்ளே இடதையும் வலதையும் பிரிக்கும் சுவர் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பள்ளம் வெளியிலிருந்தே காட்டிக்கொடுக்கிறது. அந்தக் குழாய்கள் இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள். மாரடைப்பு என்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்று அடைபடுவது.

மேலே இருக்கும் குழாய்களுக்குள் விரலை விடுங்கள். தடித்து, வெட்டிய பிறகும் வாய் திறந்தே நிற்கும் குழாய் பெருந்தமனி, அதாவது அயோர்ட்டா. அதன் முன்னால் கொஞ்சம் மெலிந்த குழாய் நுரையீரல் தமனி. மெல்லிய சுவரோடு தொய்ந்து கிடப்பவை சிரைகள். தமனிச் சுவர் ஏன் தடிமன்? ஒவ்வொரு துடிப்பிலும் அது அழுத்தத்தைத் தாங்கி விரிந்து திரும்ப வேண்டும். சிரையில் அழுத்தம் குறைவு. அதனால் பின்னால் வழியாமல் இருக்க அதற்குள் வால்வுகள்.

அடுத்தது, பார்க்கிறவர் எல்லோரும் வாயைப் பிளக்கும் சோதனை. இதயத்தை நன்றாகக் கழுவி, அயோர்ட்டாவின் வாயை மேலே பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே இறங்காமல் அப்படியே நிற்கும். எட்டிப் பாருங்கள்: மூன்று மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வழியை மூடியிருக்கும். செத்துப்போன இதயம், தசை அசையவில்லை, நரம்புக் கட்டளை கிடையாது. வால்வு தானாக மூடிக்கொள்கிறது. ரத்தம் திரும்பிவர முயன்றால் அந்த ரத்தமே இதழை நிரப்பி மூடிவிடுகிறது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் "லப்", "டப்" இரண்டுமே வால்வுகள் மூடும்போது எழும் ஒலி. முதலாவது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பவை மூடும்போது, இரண்டாவது நீங்கள் இப்போது பார்க்கும் இதழ்களும் நுரையீரல் தமனியில் உள்ள இதழ்களும் மூடும்போது. தண்ணீர் மெல்லக் கசிந்து குறைந்தால் கவலை வேண்டாம். இதழ்களுக்கு மேலேயே கரோனரி தமனிகளின் இரண்டு வாய்கள் இருக்கின்றன. அயோர்ட்டாவில் ஏறும் புது ரத்தத்தில் முதல் பங்கு இதயத்துக்கே.

பிறகு வெட்டுங்கள். இடதுபக்கம் மேலிருந்து நுனிவரை ஒரு வெட்டு, வலதுபக்கம் ஒரு வெட்டு. இரண்டு சுவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன். வலது கீழறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தைத் தள்ளுகிறது. இடது கீழறை உச்சந்தலையிலிருந்து கால் விரல்வரை தள்ள வேண்டும். இரண்டும் ஒரு துடிப்பில் தள்ளும் அளவு ஒன்றுதான், அழுத்தம்தான் வேறு. இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள். இடது "அதிக ரத்தம்" தள்ளுவதில்லை.

அறைக்குள் வெள்ளை நூல்கள் சுவரிலிருந்து கிளம்பி வால்வின் ஓரத்தில் கட்டப்பட்டிருக்கும். ஒன்றை விரலால் இழுத்துப் பாருங்கள், லேசில் அறுபடாது. கீழறை சுருங்கும்போது வால்வு மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது இவற்றின் வேலை. வலது கீழறையில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் குறுக்கே ஒரு தசைப்பட்டை போகும், ஆட்டில் நன்றாகத் தெரியும். துடிப்புக்கான மின்கட்டளை எதிர்ச்சுவருக்குச் சீக்கிரம் போய்ச்சேர அது ஒரு குறுக்குவழி.

ரத்தம் வட்டமாகச் சுற்றுகிறது என்பதை 1628-இல் வில்லியம் ஹார்வி நிறுவினார். அவர் போட்டது எளிய கணக்கு. ஒரு துடிப்புக்கு இவ்வளவு, ஒரு மணி நேரத்தில் இத்தனை துடிப்பு என்று பெருக்கினால் வரும் ரத்தம் மனிதனின் எடையையே தாண்டுகிறது; அவ்வளவையும் ஈரல் புதிதாக உண்டாக்க வழியே இல்லை, ஆகவே போனதுதான் திரும்பி வருகிறது என்றார். எந்தச் சந்து வழியாகத் திரும்புகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. 1661-இல் மால்பிகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலில் தந்துகிகளை, அதாவது மயிரிழை போன்ற நுண்ணிய ரத்தக்குழாய்களை, கண்டார். நீங்களும் கணக்குப் போடலாம்: ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஏறத்தாழ 5 லிட்டர். உடலில் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். உட்கார்ந்து நாடியை எண்ணுங்கள், பிறகு மூன்று மாடி ஏறிவிட்டு எண்ணுங்கள்.

மூன்றாம் படி: சோற்றின் வழி, புல்லின் வழி

இங்கேதான் ஆடும் நாமும் அதிகம் பிரிகிறோம். வாயிலிருந்தே ஆரம்பம். ஆட்டுக்கும் மனிதனுக்கும் பல் 32 என்பது ஒரே எண்ணிக்கை, அடுக்கு வேறு. ஆட்டின் மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழ்ப்பற்கள் அந்த ஈறில் அழுத்திப் புல்லைப் பறிக்கும். மேலே 12, கீழே 20. தலையைப் பிளந்து வாங்கினால் எண்ணிப் பார்க்கலாம். நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டு, அதனால்தான் சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கிறது. ஆட்டு எச்சிலில் அது இல்லை. அதற்குப் பதில் அமிலத்தை முறிக்கும் உப்பு ஏராளம்.

போட்டித் துண்டுகளைப் பரப்பி வையுங்கள். குளியல் துண்டுபோல உட்புறம் குச்சி குச்சியாக நிற்பது ரூமென் என்ற முதல் அறை. அறுகோணக் கட்டங்கள் உள்ளது இரண்டாவது. தாள் தாளாக அடுக்கியது மூன்றாவது. வழவழவென்று மடிப்போடு இருப்பது நான்காவது. இந்த நான்காவதுதான் நம் இரைப்பைக்கு நேர். அமிலமும் செரிமான நொதியும் இங்கேதான் சுரக்கின்றன.

எந்தப் பாலூட்டியாலும் புல்லில் உள்ள செல்லுலோஸ் என்ற நாரைச் சொந்த நொதியால் உடைக்க முடியாது. ரூமெனில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, அவை உடைக்கின்றன. அப்போது வரும் கொழுப்பு அமிலங்களை அந்தக் குச்சிகள் உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பும். ஆட்டின் சக்தியில் பெரும்பங்கு இதுவே. மிச்சமாகும் மீத்தேன் ஏப்பமாக வெளியேறும். அசை போடுவது பாதி நொதித்ததை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அரைப்பது. கடைசியில் அந்த நுண்ணுயிர்களே நான்காம் அறைக்குப் போய்ச் செரிக்கப்பட்டு ஆட்டுக்குப் புரதமாகின்றன. வாடகைக்கு வைத்தவரையே தின்றுவிடும் வீட்டுக்காரர். பால்குடிக்கும் குட்டிக்கு இந்த ஏற்பாடு இன்னும் தொடங்கியிருக்காது. உணவுக்குழலிலிருந்து ஒரு பள்ளம் மூடிக் குழாயாகி, பாலை நேரே நான்காம் அறைக்குக் கொண்டுபோய்விடும்.

நமக்கோ ஒரே இரைப்பை, சுமார் 6 மீட்டர் சிறுகுடல், ஒன்றரை மீட்டர் பெருங்குடல். புல் தின்பதன் குடல் உடலளவுக்கு மிக நீளம், கறி தின்பதன் குடல் குட்டை, நாம் நடுவில். ஆட்டுக் குடலின் ஒரு துண்டை நீளவாக்கில் வெட்டி, கழுவி, தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். உட்புறம் வெல்வெட் மாதிரி இருக்கும். அவைதாம் குடலுறிஞ்சிகள், உணவு ரத்தத்துக்குள் நுழையும் வாசல்.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போகாது. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால்வாசி இந்த வழியில்தான். சர்க்கரை மிஞ்சினால் சேமிப்பது, நச்சை மாற்றுவது, புரதக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை யூரியாவாக்குவது, பித்தம் சுரப்பது எல்லாம் அங்கே. பித்தப்பை கிழிந்தால் ஈரல் முழுக்கக் கசந்துவிடும் என்பதால் கடைக்காரர் அதைப் பதனமாக அறுத்து எறிவார். பச்சை நிறத்தில் இருக்கும், கேட்டால் காட்டுவார். குதிரைக்கும் எலிக்கும் பித்தப்பையே இல்லை. சுவரொட்டி, அதாவது மண்ணீரல், செரிமானத்தோடு சம்பந்தமில்லாதது, பக்கத்தில் இருப்பதோடு சரி. வயதான சிவப்பணுக்களை வடிகட்டி உடைப்பதும் கிருமிகளைப் பிடிப்பதும் அதன் வேலை.

நான்காம் படி: குண்டிக்காய்

கொழுப்பை உரித்து, மேலே உள்ள மெல்லிய சவ்வையும் உரியுங்கள். கொழுப்புக்குள் சின்னதாக, பழுப்பாக ஒரு கட்டி தனியே வந்தால் அது அட்ரினல் சுரப்பியாக இருக்கலாம். பிறகு வளைந்த வெளிப்பக்கத்திலிருந்து உட்குழிவுவரை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். வெளியே கருஞ்சிவப்புப் பட்டை, உள்ளே வெளிறிய கோடுகள், நடுவில் வெண்மையான குழி. பட்டையில் ரத்தம் வடிகட்டப்படுகிறது. கோடுகள் நுண்குழாய்கள் வரிசையாக இறங்குவது. குழியில் சிறுநீர் சேர்கிறது.

மனிதனின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்குழாய்கள். ஒரு நாளில் வடிகட்டுவது 180 லிட்டர், வெளியே போவது ஒன்றரை லிட்டர் சொச்சம். மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. முதலில் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் முறை இது. உட்பகுதிக் குழாய்கள் நீளமாக இருந்தால் சிறுநீரை அதிகம் அடர்த்தியாக்க முடியும். பாலைவன எலிகளுக்கு அவை மிக நீளம். ஆட்டில் உள்ளே ஒரே மேடுதான் இருக்கும், நம்முடையதில் பல பிரமிடுகள். மாட்டுச் சிறுநீரகம் வெளியிலிருந்தே முண்டு முண்டாகத் தெரியும்.

ஐந்தாம் படி: கால்

பாயாவுக்கு வாங்கிய காலை ஆட்டின் முழு உருவத்தோடு வைத்துப் பாருங்கள். முன்காலில் "முட்டி" என்று நாம் நினைப்பது உண்மையில் மணிக்கட்டு. பின்காலில் பின்பக்கமாக மடிகிறதே, அது கணுக்கால். நிஜ முழங்கால் மேலே வயிற்றோரம் ஒட்டிக்கிடக்கிறது. ஆடு நிற்பது மூன்றாவது, நான்காவது விரல்களின் நுனியில். குளம்பு என்பது நகம். பின்னால் தொங்கும் இரண்டு சிறு குளம்புகள் இரண்டாவதும் ஐந்தாவதும். கட்டைவிரல் போயே போய்விட்டது. குளம்புக்கு மேலே உள்ள நீள எலும்பு இரண்டு உள்ளங்கை எலும்புகள் ஒன்றாய் இணைந்தது. நம் கை, ஆட்டுக் கால், வௌவால் சிறகு, திமிங்கலத் துடுப்பு எல்லாம் இதே வரிசையில் நீட்டியும் குறுக்கியும் ஆனவை.

காலின் பின்பக்கத் தோலை நீக்கினால் வெள்ளையாகப் பளபளக்கும் கயிறுகள் இருக்கும், தசைநாண்கள். ஒன்றைக் குறட்டால் பிடித்து இழுங்கள். குளம்பு மடியும். முன்பக்கத்துக் கயிற்றை இழுத்தால் நீளும். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் எல்லா மூட்டிலும் இரண்டு பக்கமும் தசை. உங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டினால், விரலை அசைக்கும் தசை விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே இருக்கிறது என்று தெரியும்.

மூட்டைத் திறந்தால் வழுவழுப்பான நீரும், கண்ணாடிபோல வழுக்கும் குருத்தெலும்பும். நல்லி எலும்பை உடைத்தால் மஜ்ஜை. மனித உடலில் மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் 120 நாள் இருக்கும். எலும்புகளை எண்ணச் சொன்னால் பெரியவருக்கு 206, பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300. வளர வளரச் சில சேர்ந்துகொள்ளும்.

ஆறாம் படி: தலை

மூளை கையில் எடுத்தாலே குழைந்துவிடும். உப்புப் போட்ட கொதிநீரில் சில நிமிடம் வைத்தால் வெட்டும் பதத்துக்கு வரும். முன்னால் மடிப்பு மடிப்பாக இருப்பது பெருமூளை, பின்னால் நெருக்கமான கோடுகளோடு சிறுமூளை, கீழே முகுளம். சிறுமூளையைக் கத்தியால் நடுவில் பிளந்தால் வெள்ளைக் கிளைகள் மரம்போல விரிந்து கிடக்கும். உடல் சமநிலைக்கும் அசைவின் நேர்த்திக்கும் அது பொறுப்பு. மூச்சும் இதயத் துடிப்பும் முகுளத்தின் கையில். ஆட்டு மூளையின் முன்நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு குமிழ்கள் வாசனைக்கானவை. நமக்கு அவை சிறுத்துப் போய்விட்டன. மனித மூளை உடல் எடையில் 2 விழுக்காடு, ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

கண்ணை ஓரத்தில் கீறினால் முதலில் தண்ணீர் வரும், பிறகு கெட்டியான கூழ், அப்புறம் உருண்டையாக ஒரு லென்ஸ். பின்சுவரில் நீலமும் பச்சையும் கலந்த பளபளப்பு தெரிந்தால் அதைப் பார்த்து ரசியுங்கள். இருட்டில் வரும் கொஞ்சம் வெளிச்சத்தை விழித்திரைக்கே திருப்பி அனுப்பும் அடுக்கு அது. ராத்திரி ஹெட்லைட்டில் ஆட்டின் கண் மின்னுவது இதனால்தான். மனிதனுக்குக் கிடையாது.

ஏழாம் படி: கடையில் வாங்க முடியாதவை

ஹார்மோன் மண்டலம் கண்ணுக்கு அதிகம் காட்டாது. பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி மூளைக்கு அடியில், தைராய்டு தொண்டையில், கணையம் குடல் வளைவில். நரம்பு கட்டளையைக் குறிப்பிட்ட இடத்துக்கு உடனே கொண்டுபோகும். ஹார்மோன் ரத்தத்தில் கலந்து எங்கும் போகும், ஆனால் அதை ஏற்கும் செல்கள் மட்டுமே அதற்கு அசையும். கணையத்திலிருந்து இன்சுலினை டொரண்டோவில் 1921-இல் பிரித்தெடுத்தார்கள், அடுத்த ஆண்டே நோயாளிக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றியது மாடு, பன்றிகளின் இன்சுலின்தான். பாலூட்டிகளுக்குள் ஒற்றுமை எவ்வளவு ஆழம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனப்பெருக்கத்தில் மூன்று வகை: பிளாட்டிபஸும் எக்கிட்னாவும் முட்டையிட்டுப் பாலூட்டும், கங்காரு குறைமாதமாகப் பெற்றுப் பையில் வளர்க்கும், மற்றவை நஞ்சுக்கொடி வழியாக உள்ளேயே வளர்க்கும். ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், மனிதனுக்கு 280, யானைக்கு 22 மாதம். மனிதத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்குப் போய்விடும். ஆடு மாட்டில் அந்த வழி அடைப்பு. குட்டி பிறந்து சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு குடல் அவற்றை முழுசாக உள்ளே விடாது. ஊரில் பாட்டிமார் "சீம்பாலைக் கன்னுக்கு விடு முதல்ல" என்று அதட்டியதில் உடலியல் இருந்தது.

எட்டாம் படி: எல்லாவற்றையும் சேர்ப்பது

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் ஒரே ஒரு கேள்விக்கு வழி வரையுங்கள். உதாரணமாக: காலையில் தின்ற இட்லி, சிவாஜிநகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது தொடைத் தசையில் எப்படிச் சக்தியானது?

வாயில் நொதி, இரைப்பை, சிறுகுடலில் குளுக்கோஸ், குடலுறிஞ்சி, போர்ட்டல் சிரை, ஈரல், வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, இடது கீழறை, அயோர்ட்டா, தொடைத் தமனி, தந்துகி, தசை. ஓடப் போகிறோம் என்றதும் அட்ரினலின், இதயம் வேகம், ஈரல் சேமித்த சர்க்கரையை அவிழ்த்துவிடுதல். தசையில் கார்பன் டை ஆக்ஸைடு பெருகியதும் முகுளம் மூச்சை முடுக்குதல். அதை முடுக்குவது ஆக்ஸிஜன் குறைவு என்று எழுதினால் தவறு, பொதுவாக மூச்சை ஆளும் முக்கியத் தூண்டுதல் கார்பன் டை ஆக்ஸைடுதான். சூடு ஏறியதும் தோலில் வியர்வை, வியர்வையில் போன தண்ணீருக்குச் சிறுநீரகம் சிக்கனம். எங்கே கை நின்றுவிடுகிறதோ, அந்த உறுப்பை மறுபடி கடையில் வாங்குங்கள்.

மனித உறுப்பையும் நேரில் பார்க்க வேண்டும் என்றால், ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு, எந்த நாள் என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். ஆட்டு மூளையைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு போனால்தான் அங்கே என்ன கேட்பது என்று தெரியும்.

வேலை முடிந்ததும் பார்த்த துண்டுகளைச் சமைக்க வேண்டாம், கட்டி ஈரக்கழிவோடு கொடுத்துவிடுங்கள். கத்தி, தட்டு, மேடை எல்லாவற்றையும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவுங்கள்.